கழுத்துத் தகரம்

ஆறில் ஐந்து போலி, ஒன்று மட்டும் அசல் என்று அந்த வெள்ளைக்காரர் எழுதியிருந்தார்.

நிரஞ்சன் அந்த வரியை மூன்று தடவை வாசித்தான். ஆறுமே போலி என்று எழுதியிருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆறுமே போலி என்றுதான் அவன் நினைத்திருந்தான். அவனை மறுபடி மறுபடி வாசிக்க வைத்தது அந்த ஒன்றுதான்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே கோபிசங்கரின் கொமியூனிகேஷன் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு போட்டோகொப்பி மெஷின், கதவு கழன்ற டெலிபோன் கூண்டு. சனிக்கிழமைக் கூட்டம் கூண்டுக்கு வெளியே நின்றது. யாரோ ஒரு அம்மா டுபாயில் இருக்கும் மகளிடம் அழுதுகொண்டே அரிசி விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான் முழிக்கிறாய்?" என்றான் கோபிசங்கர். "உவன் பொலிசுக்குப் போகேல்லை. சைட்டுக்கும் கம்ப்ளெய்ன் பண்ணேல்லை. அதுவே பெரிய புண்ணியம். காசையும் திருப்பிக் கேக்கேல்லை. வேற என்ன வேணும்?"

"முழுசா வாசிச்சியா?"

"எனக்கெங்கை உந்த இங்கிலீஸ் எல்லாம் விளங்குது? அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டனான்."

நிரஞ்சன் திரையை மேலே தள்ளி முதலிலிருந்து தொடங்கினான்.

எழுதியவர் பெயர் ஹாரிசன். லீட்ஸ் பக்கத்தில் ஓய்வுபெற்ற எஞ்சினியர். நாற்பது வருடமாகப் பழைய தோட்டக் காசுகளும் தகடுகளும் சேர்ப்பவர். நிரஞ்சனிடம் அவர் வாங்கியவை ஆறு டின் டிக்கட். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த கூலி எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவன் என்று காட்ட, கழுத்தில் கயிறு போட்டுக் கட்டிவிட்ட தகரவட்டுகள். தோட்டத்துக்கு ஒரு எழுத்து, ஒரு எண். கீழே ஆளுக்கு ஓர் எண்.

ஐந்தை வெந்நீரில் போட்டதும் தண்ணீர் தேயிலைச் சாயம்போல இறங்கியது என்று எழுதியிருந்தார். ஆறாவதிலும் சாயம் இறங்கியதாம். ஆனால் அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அதன் துளை வட்டமாக இல்லை. மேல் விளிம்பு மட்டும் தேய்ந்து, துளை மேல்நோக்கி இழுபட்டிருந்தது. கயிற்றில் கட்டி வருடக்கணக்கில் ஒருவன் கழுத்தில் தொங்கினால் மட்டுமே அப்படித் தேயும். மற்ற ஐந்தின் துளைகளும் டிரில் போட்ட அன்று இருந்தபடியே இருந்தன.

கடைசிப் பத்தி இதுதான்: 'அந்த ஆறாவதுடன் நீங்கள் ஒரு கதை எழுதியிருந்தீர்கள். உங்கள் மனைவியின் பூட்டனார், துறையூர்ப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர், பழனியாண்டி என்று பெயர். அது உண்மைக் கதை என்றால் இந்தத் தகடு என்னிடம் இருக்கக்கூடாது. சொல்லுங்கள், திருப்பி அனுப்புகிறேன். மற்ற ஐந்து கதைகளையும்போல அதுவும் கதைதான் என்றால், என்னிடமே இருக்கட்டும். எனக்கு உண்மை தெரிந்தால் போதும்.'

"அனுப்புறானாம் எண்டால் வாங்கி வையன்," என்றான் கோபிசங்கர். "வேற ஒருத்தனுக்கு இன்னும் நல்ல விலைக்குத் தள்ளலாம்."

நிரஞ்சன் கடைசிப் பத்தியை மறுபடி வாசித்தான். அசல் லீட்ஸில் இருக்கிறது. அப்படியென்றால் வீட்டில் சாமித்தட்டுக்கு மேலே மஞ்சள் துணியில் முடிந்து தொங்குவது எது?

*

பணத்துக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வழியில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறான். கல்வியியற் கல்லூரியில் படித்து வந்தவன். சம்பளம் சிறிது, ஆனால் அவனுக்கும் மாமியாருக்கும் போதும்.

பிரேமினி செத்து இரண்டு வருடம். கல்யாணமாகிப் பதினாலு மாதம். காய்ச்சல் என்று படுத்தாள், காய்ச்சல் மூளைக்குப் போனது, ஒன்பதாம் நாள் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு எதுவும் பெரிதாக வலிக்கவுமில்லை, இனிக்கவுமில்லை. கைக்கு ஒரு வேலை இருந்தால் பின்னேரங்கள் கழிந்தன. அவ்வளவுதான் காரணம். கேட்பவர்களுக்கு அது ஒரு காரணமாகவே தெரியாது.

தொடங்கியவன் கோபிசங்கர். உயர்தரம் படிக்கும்போது பக்கத்து மேசை. அவன் அப்பா துரைராசா யாழ்ப்பாணத்திலிருந்து தபால் கந்தோர் வேலைக்கு ஹட்டன் வந்தவர். அவர் செத்தபோது இரண்டு பெரிய முத்திரை ஆல்பங்களை விட்டுப்போனார். கோபிசங்கர் அதில் நல்லவற்றை இணைய ஏலத்தில் விற்றான். டொரன்டோவில் இருந்த அண்ணன் பெயரில் கணக்கு. நல்லவை தீர்ந்ததும் மற்றவற்றைத் தொட்டான். மூடிப்போன சின்னத் தபால் கந்தோர்களின் சீல் விழுந்த முத்திரைக்கு வெளியில் பைத்தியமாக அலைகிறார்கள் என்று கண்டுகொண்டு, றப்பரில் சீல் வெட்டுவித்து, சதத்துக்கும் பெறாத முத்திரைகளில் குத்தினான். பிறகு ஒல்லாந்தர் காசு என்று பித்தளையில் வார்த்து விற்றான். விளம்பரம் எழுத மட்டும் அவனுக்கு இங்கிலீஷ் போதவில்லை.

"ரெண்டு வரி எழுதித் தா மச்சான்," என்றான் ஒரு சனிக்கிழமை.

நிரஞ்சன் இரண்டு வரி எழுதினான். சாமான் மூன்று மடங்கு விலை போனது. அடுத்த வாரம் நான்கு வரி எழுதினான்.

டின் டிக்கட் அவனுடைய யோசனைதான். கோபிசங்கருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. நிரஞ்சனுக்குத் தெரியும். மாமியார் வேலாயியின் வீட்டில் ஒன்று இருந்தது. 'தாத்தன் தகரம்' என்பார்கள். பழைய ஒரு ரூபாய்க் குத்திக் காசைவிடக் கொஞ்சம் பெரிது. K 117, கீழே 42. பிரேமினிக்குக் காய்ச்சல் ஏறிய மூன்றாம் நாள், வேலாயி அந்தத் தகரத்தை மஞ்சள் தண்ணீரில் கழுவி, மஞ்சள் துணியில் முடிந்து, மாரியம்மாவுக்கு நேர்ந்து வைத்தாள். மற்றவர்கள் ஐந்து ரூபாய்க் குத்தியை முடிவார்கள். வேலாயிக்கு அது போதாது என்று பட்டது. வீட்டில் இருந்ததிலேயே பெரியது அதுதான். பிள்ளை பிழைத்தால் திருவிழாவில் கொண்டுபோய்க் கொடுப்பதாக நேர்த்தி. பிள்ளை பிழைக்கவில்லை. முடிச்சு ஆணியிலேயே தொங்கியது. வேலாயி அதை அவிழ்க்கவுமில்லை, கோயிலுக்குக் கொண்டுபோகவுமில்லை. அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

அவள் கொழுந்து பறிக்கப் போயிருந்த ஒரு பகலில் நிரஞ்சன் அதை அவிழ்த்தான்.

மூடிக்கிடந்த பழைய ஸ்டோரில் உக்கிப்போன தேயிலைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெட்டி விளிம்பில் அடித்திருந்த தகரப் பட்டை பழசு, பலகைபோல விறைப்பானது. அதைக் கழற்றி வட்டமாக வெட்டி, அரம் போட்டான். தோட்டத்து மெஷின் பிட்டர் அழகுமுத்துவிடம், பள்ளிக்கூடத்துக் கதிரைகளுக்கு நம்பர் போட என்று சொல்லி எழுத்து அச்சுகளை வாங்கினான். அழகுமுத்து ஒரு சுத்தியலையும் சேர்த்துக் கொடுத்து, "புள்ளைங்க சாமான் பத்திரமா இருக்கட்டும் மாஸ்டர்," என்றார். வெட்டிய வட்டுகளை ஒரு பெயின்ட் டின்னில் போட்டு, குடித்துக் கழித்த ஈரத் தேயிலையால் மூடி இரண்டு வாரம் வைத்தான். சாயம் ஏறியதும் தகரம் நீலங்கலந்த கறுப்பாகிவிடும். நூறு வருடம் பார்த்த மாதிரி இருக்கும்.

முதலில் செய்தது அச்சு அசலாக 42-ஐப் பார்த்துச் செய்த ஒன்று. கை சரியாக வருகிறதா என்று பார்க்க. நிறம் பொருந்த வேண்டும் என்பதற்காக அசலையும் அதே டின்னுக்குள் போட்டான். வெளியே எடுத்தபோது இரண்டும் இரட்டைப்பிள்ளை மாதிரி இருந்தன. அன்றைக்கு அவனுக்கு அது பெருமையாக இருந்தது என்பதுதான் கேவலம். கொஞ்சம் மழுங்கலாகத் தெரிந்ததை அசல் என்று எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து ஆணியில் மாட்டினான். மற்றதைப் பழனியாண்டியின் கதையோடு ஏலத்தில் போட்டான். பிறகு செய்தவற்றுக்கு வேறு எண்கள், வேறு கதைகள். பெயர்களைப் பள்ளிக்கூட வரவு இடாப்பிலிருந்து, பிள்ளைகளின் தாத்தன் பாட்டன் பெயர்களாகப் பொறுக்கினான்.

வந்ததில் அவன் பங்குக்கு வேலாயிக்கு ஒரு கேஸ் அடுப்பு வாங்கினான். பள்ளிக்கூடத்தில் போனஸ் என்றான். லயத்து வரிசைவீட்டுச் சனம் முழுக்க வந்து அந்த நீல நெருப்பைப் பார்த்துவிட்டுப் போனது.

*

ஹட்டனிலிருந்து தலவாக்கலை, அங்கிருந்து பூண்டுலோயா பஸ். கரடிமலைத் தோட்டத்து முச்சந்தியில் இறங்கி, மேல்கணக்கு லயத்துக்கு அரை மணி நேர ஏற்றம். நிரஞ்சனுக்கு ஏறியதே நினைவில்லை. வீடாக இருந்த காம்பராவுக்குள் நுழைந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சாமித்தட்டுக்குப் போய் முடிச்சை எடுத்து அவிழ்த்தான்.

துளை வட்டமாக இருந்தது. ஒரு காசைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டது போன்ற வட்டம். விரல் நுனியை வைத்துப் பார்த்தான். விளிம்பு கூராகத் தடுக்கியது.

"அடடே."

வாசலில் வேலாயி நின்றாள். இடுப்பில் கொழுந்துக்குக் கட்டும் படங்கு, தலையில் ஈரச் சாக்கு. சனிக்கிழமை, அரை நாள் கூலியான அரைப் பேரோடு வந்துவிட்டாள். நிரஞ்சன் தகரத்தைக் கைக்குள் மூடினான். அவள் பார்த்தது, சாமித்தட்டுக்கு முன்னால் கை பொத்தி நின்ற மருமகனை.

சாக்கை வெளியே உதறிப் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே போய்க் கேஸைப் பற்றவைத்தாள். இந்த இரண்டு வருடத்தில் அவன் அந்தத் தட்டுப் பக்கம் நின்று அவள் கண்டதில்லை. தேயிலைச் சாயத்தண்ணியோடு வந்தபோது அவள் குரல் இளகியிருந்தது.

"நீங்களும் கும்பிட ஆரம்பிச்சிட்டீங்களா மாப்ள? நல்லதுங்க. நானும் அதத்தான் யோசிச்சிக்கிட்டு வந்தேன்."

"என்ன யோசிச்சீங்க அத்தை?"

"வர்ற வெள்ளிக்கிழம திருவிழா. அந்த முடிச்ச இந்த வருசம் கொண்டுபோய்ப் போட்டுரலாம்னு. ரெண்டு வருசமா நானும் மாரியம்மாகிட்டப் பேச்சு வார்த்த இல்லாம இருந்து பாத்துட்டேன். அவளுக்கா நட்டம்? எனக்குத்தான் தூக்கம் இல்ல." சர்க்கரையை உள்ளங்கையில் தட்டி நக்கிக்கொண்டு ஒரு மிடறு குடித்தாள். "புள்ளயத்தான் தரல. அதுக்காக நேந்தத நாமளே வச்சிக்கிட முடியுமா? தாத்தன் சாமான அவகிட்டக் குடுத்துட்டா, கணக்கு முடிஞ்சிரும். நானும் மனசு விட்டுக் கும்புடுவேன்."

"ஆமா," என்றான் நிரஞ்சன்.

வேறென்ன சொல்வது என்று தெரியாமல் சொன்ன ஆமா அது. அவள் முதுகு திரும்பியதும் போலியை மறுபடி முடிந்து ஆணியில் மாட்டினான். முடிச்சு முதல் தடவையே சரியாக விழுந்தது. அதுவும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

*

ஹாரிசனுக்குப் பதில் எழுத ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தான். 'இது என் மனைவியின் பூட்டனாருடையது, உண்மையாகவே' என்று தொடங்கினான். வாசித்துப் பார்த்தபோது அது அவன் ஏலத்துக்கு எழுதும் முதல் வரிதான். அடித்தான். 'என் மனைவி இறந்துவிட்டாள்' என்று தொடங்கினான். அது இன்னும் மோசம். சாமானை விற்பதற்கு யாரும் எழுதக்கூடிய வரி. ஏற்கெனவே அவன் எழுதியும் இருந்தான், வேறொரு கதையில், வேறொருவன் மனைவியைக் கொன்று. உண்மையைச் சொல்லத் தனியாக அவனிடம் வார்த்தை எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. நான்கு தாளைக் கிழித்தான்.

திங்கட்கிழமை ஆறாம் வகுப்பில் ஒன்றும் படிப்பிக்காமல் வாசிக்கச் சொல்லிவிட்டு இருந்தான். செவ்வாய்க்கிழமை, சிக்னல் கிடைக்கும் மேல்ரோட்டுக்கு ஏறிப் போய்க் கோபிசங்கருக்கு அடித்தான். நடந்ததைச் சொன்னான்.

"இதுக்கே உப்பிடி?" என்றான் கோபிசங்கர். "அவ உண்டியலுக்கை போடப்போறா. போட்டாப் பிறகு ஆர் எடுத்துப் பாக்கப்போயினம்? அசல் ரெண்டு கிழமையிலை வந்திடும். நீ சத்தம் போடாமல் கொண்டுபோய் அதே உண்டியலுக்கை போட்டிட்டு வா. அவவுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி, அம்மனுக்கு ரெண்டு."

"வெளையாடாத."

"பகிடி இல்லை மச்சான். மாமிக்குச் சொல்லி அவவின்ரை மனசை உடைச்சு நீ என்ன காணப்போறாய்? சொல்லு பாப்பம். உன்ரை மனச்சாட்சிக்காக அவ அழவேணுமோ?"

கோபிசங்கர் சொன்னதில் பிழை இல்லை. உண்டியலுக்குள் அசல் எப்படியும் போய்ச் சேரும். யாருக்கும் எதுவும் குறையாது.

ஆனால் வேலாயி வெள்ளிக்கிழமை அம்மனிடம் பேசப்போகிறாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு. அந்த நேரம் அவள் கையில் இருக்கப்போவது தேயிலைப் பெட்டித் தகரம். பிறகு எத்தனை அசலைக் கொண்டுபோய்ப் போட்டாலும் அந்தப் பேச்சை மாற்றிவைக்க முடியாது. புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அவன் இதையே யோசித்தான். யோசித்தான் என்பதைவிட, சொல்லாமல் இருந்தான் என்பதுதான் சரி. அவள் புதுச் சேலைக்கு ஓரம் அடித்தாள், விரதச் சோறு ஆக்கினாள், அடுத்த காம்பராக்காரியிடம், "மாப்ளயும் வர்றாரு இந்த வாட்டி," என்று சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

*

வெள்ளிக்கிழமை விடிந்து வெளிச்சம் வந்தபின், மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரில் குளித்து ஈரத் தலையோடு வந்தாள் வேலாயி. கோயில் ஸ்பீக்கர் கரகரத்துக்கொண்டிருந்தது. கேஸில் பால் காய்ந்தது. அவள் எட்டி ஆணியிலிருந்து முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள்.

"அத்தை. அத எடுக்காதீங்க."

"ஏங்க?"

"அது தாத்தன் தகரம் இல்ல. நான் செஞ்சது."

வேலாயி சிரித்தாள். "நீங்க எப்ப மாப்ள தகர வேலைக்குப் போனீங்க? இஸ்கூல்ல சம்பளம் பத்தலயா?"

அவன் சிரிக்காததைப் பார்த்து அவள் சிரிப்பு நின்றது. அவன் சொன்னான். பெட்டித் தகரம், அழகுமுத்துவின் அச்சு, தேயிலை டின், ஏலம், வெள்ளைக்காரர், துளை. வகுப்பில் திகதிகளைச் சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். அவள் முடிச்சை அவிழ்த்து, தகரத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றாள்.

பிறகு போய்க் கேஸைத் திருகி அணைத்தாள். பால்சட்டியை இறக்கினாள். மூலையில் தூக்கிப் போட்டிருந்த பழைய அடுப்புக் கற்களை இழுத்து வைத்து, தேயிலைக் குச்சி மிலாரை ஒடித்துச் செருகிப் பற்றவைத்தாள். மிலார் ஈரம். காம்பராவெல்லாம் புகை. அவள் ஊதிக்கொண்டே கேட்டாள்.

"எத்தன பேருக்கு வித்தீங்க?"

"இருபத்தி மூணு தகரம். பதினோரு பேரு."

"அந்த இருபத்தி மூணு தகரத்துல இருக்குற ஆளுங்கள்லாம் யாரு?"

"யாரும் இல்ல அத்தை. சும்மா நம்பர்தான்."

"சும்மா நம்பரா."

அவள் ஊதுவதை நிறுத்தினாள். புகைக்குள் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

"எங்க தாத்தனையும் அப்பிடித்தான் கூட்டியாந்தாங்க," என்றாள். "சாகுற வரைக்கும் அவரு அதக் கழட்டல. தோட்டத்துல யாரும் அதப் பாக்கறதில்லயாம், அப்பறமும் கழட்டல. கழட்டுனா திருப்பி ஊருக்கு அனுப்பிருவாங்களோன்னு ஒரு பயமாம். நம்ம பெரட்டுக்களத்துல பேர் குடுக்கப் போறப்ப எல்லாரும் சிரிப்பாங்களாம்." மிலாரை உள்ளே தள்ளிவிட்டு, "பிரேமினியோட தோடு பொட்டியில இருக்கு. அத வித்திருந்தா நான் ஏன்னு கேட்டிருக்க மாட்டேன்."

நிரஞ்சனுக்குள் இரண்டு வருடமாக மரத்துக் கிடந்த ஏதோ ஒன்று இப்போதுதான் நோகத் தொடங்கியது. அது துக்கமாக இருக்கும் என்றுதான் அவன் காத்திருந்தான். வந்தது துக்கம் அல்ல. கல்லூரியில் படித்த, வரலாறு சொல்லிக்கொடுக்கிற ஒரு மனிதன், புகைக்குள் குந்தியிருக்கும் ஒரு பெண்ணின் முன்னால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

"அந்த வெள்ளக்காரரு திருப்பித் தர்றேன்னாரா?"

"உண்மயச் சொன்னா தர்றேன்னு எழுதியிருக்காரு. என்னால எழுத முடியல. எப்பிடி எழுதினாலும் பொய் மாதிரியே வருது."

"தாள எடுங்க."

அவன் கொப்பியை எடுத்தான்.

"எழுதுங்க. அது எங்க தாத்தனோடது. சாமிக்கு நேந்தது. என் மருமகன் எனக்குத் தெரியாம எடுத்து வித்துட்டாரு. திருப்பிக் குடுங்க." யோசித்தாள். "அவரு குடுத்த காசத் திருப்பிருவோம்னு போடுங்க. அவ்வளவுதான். வேற ஒன்னும் அழகா எழுதாதீங்க."

அவன் அப்படியே ஆங்கிலத்தில் எழுதினான். ஐந்து நாளாக வராத கடிதம் ஐந்து வரியில் முடிந்துவிட்டது.

"மத்த பத்துப் பேருக்கும் எழுதணும்," என்றாள் வேலாயி.

"கோபி ஒத்துக்க மாட்டான் அத்தை. கட அவனோடது. விசயம் வெளிய போனா அவனுக்கும் கஷ்டம்."

"கஷ்டம்தான். கதயெல்லாம் எழுதுனது அவரா, நீங்களா?"

"நான்தான்."

"அப்ப நீங்க எழுதுங்க."

ஸ்பீக்கரில் கரகம் புறப்படப்போகிறது என்று அறிவித்தார்கள். வேலாயி எழுந்து முகம் கழுவினாள். தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூலை இழுத்து, நான்காக மடித்து முறுக்கி, போலித் தகரத்தின் துளையில் கோத்தாள்.

"குனிங்க."

"அத்தை?"

"குனிங்க மாப்ள."

அவன் குனிந்தான். அவள் அதைக் கழுத்தில் கட்டி, சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டாள். தகரம் பனியில் கிடந்த கல்லைப்போலக் குளிர்ந்தது.

"தாத்தனோடது வந்து சேர்ற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும். இஸ்கூலுக்குப் போறப்பவும். சட்டைக்குள்ள விடாதீங்க. யாராவது என்னன்னு கேட்டா, என்னன்னு சொல்லிருங்க."

"அது வரலேன்னா?"

"வரலேன்னா போட்டுக்கிட்டே இருங்க."

அதில் கோபம் தெரியவில்லை. மழை வந்தால் குடை எடுத்துப் போங்கள் என்பதுபோலச் சொன்னாள். அவனோடு பேசும்போது அந்த 'ங்க'வை அவள் அப்போதும் விடவில்லை. விட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

*

கோயிலுக்குக் கீழே, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டமே கூடியிருந்தது. வேலாயி பால்குடம் எடுக்கவில்லை. கையில் எதுவும் இல்லாமல் நேரே அம்மனுக்கு முன்னால் போய் நின்றாள். பூசாரி தட்டை நீட்டினார்.

"நேந்த காசு எங்கம்மா?"

"வெளியூரு போயிருக்கு சாமி. வந்ததும் கொண்டாந்து தர்றேன். அவகிட்டச் சொல்லத்தான் வந்தேன்."

சொன்னாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நீண்ட நேரம் சொன்னாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நிரஞ்சன் தூணோரமாக நின்று, அவள் என்ன சொல்கிறாள் என்று யோசிக்காமலிருக்கப் பார்த்தான்.

முதலில் கேட்டவர் அழகுமுத்து. தகரத்தைக் கண்டதும் தன் அச்சின் வெட்டு அவருக்குத் தெரிந்துவிட்டது. "கதிர நம்பர் கழுத்துக்கு வந்துருச்சா மாஸ்டர்?" என்று சிரித்தார். நிரஞ்சன் சொன்னான். அவர் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு, "அச்சத் திருப்பிக் குடுத்துருங்க," என்று மட்டும் சொல்லிப் போனார். இரண்டாவது, சங்கத் தலைவர் ஆண்டியப்பன். ஏதோ புது நேர்த்தி என்று நினைத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும், "வாத்தியாரா இருந்துக்கிட்டு," என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

மூன்றாவது தடவை எளிதாக இருக்கும் என்று நிரஞ்சன் நினைத்தான். அப்படி இல்லை.

மூன்றாவது கந்தப்பக் கங்காணி. பென்ஷன் வாங்கிப் பல வருடம். காது மந்தம். பிள்ளைகள் தோளைப் பிடித்து வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அவர் கம்பை ஊன்றி அருகில் வந்து, விரலால் தகரத்தைப் பிடித்துப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின.

"எங்கப்பாகிட்ட ஒன்னு இருந்துச்சு தம்பி. அவரோடயே பொதச்சிட்டோம்," என்றார். "இது யாரோடது? எந்தத் தாத்தனோடது?"

"இது யாரோடதும் இல்லங்க," என்றான் நிரஞ்சன். "நான் செஞ்ச போலி."

தப்பு மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதைக் கையால் குவித்துக்கொண்டு, தகரத்தை விடாமல், "யாரோடது?" என்றார் மறுபடி.

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலாயி அம்மனிடம் பேசி முடித்து, படியில் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரஞ்சன் கங்காணியின் காதுக்குக் குனிந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான்.